அண்டை மரபணுக்களை வாசித்தவர்கள்

2002ஆம் ஆண்டு ‘நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச்’ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. கிரா மகரோவா, எல். அரவிந்த், நிக் கிரிஷின், இகோர் ரோகோசின், யூஜீன் கூனின் ஆகிய ஐவர் அதை எழுதியிருந்தனர். வெப்பத்தை விரும்பும் ஆர்க்கியாக்கள், பாக்டீரியாக்கள் ஆகியவற்றின் ஜீனோம்களில் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் மீண்டும் மீண்டும் ஒன்றையொன்று அடுத்தே அமைந்திருக்கின்றன என்பதை அவர்கள் கண்டறிந்தனர். மிதவெப்ப உயிரிகள் பலவற்றில் அந்தக் கொத்து காணப்படவில்லை. கொதிநீரில் வாழும் உயிரிக்கு டி.என்.ஏ. சிதைவு ஓயாத தொல்லை. ஆகவே இது வெப்ப உயிரிகளுக்கே உரிய டி.என்.ஏ. பழுதுநீக்கும் அமைப்பாக இருக்கக்கூடும் என்று அவர்கள் ஊகித்தனர்.

அந்த ஊகம் தவறாயிற்று. அந்தக் கொத்தைத்தான் இன்று நாம் கிரிஸ்பர்-காஸ் என்று அழைக்கிறோம். ஆனால் இந்தத் தவறு எப்படிப்பட்டது என்பதை நின்று பார்க்க வேண்டும். ஒப்பீட்டு முறை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாற்றுச் சான்று எனக்குத் தெரியவில்லை.

மொழியியல் படித்தவன் மரபணுவைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து தார்நாக்கா வழியாக ஹப்சிகூடா நோக்கிச் சென்றால், சிறிது தொலைவிலேயே சி.சி.எம்.பி. எனப்படும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் வந்துவிடும். முன்னதில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி திராவிட மொழிகளின் வரலாற்றை மீட்டெடுத்தார். பின்னதில் டி.என்.ஏ.வின் எழுத்து வரிசைகள் வாசிக்கப்படுகின்றன. இரண்டு இடங்களிலும் கேட்கப்படும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: இன்று நம் கையிலிருக்கும் உறவினர்களை ஒப்பிட்டு, மறைந்துபோன மூதாதையைப் பற்றி என்ன கூறலாம்? (சி.சி.எம்.பி.யில் எஸ். சிவாஜி பல ஆண்டுகள் ஆராய்ந்தவை அண்டார்க்டிகாவின் குளிர்விரும்பி பாக்டீரியாக்கள் என்பது சுவையான முரண். நாம் பேசப்போவது நேர் எதிர்முனையைப் பற்றி.)

1986இல் கெர்ஹார்ட் ஃபியாலாவும் கார்ல் ஸ்டெட்டரும் இத்தாலியின் வுல்கானோ தீவுக் கடற்கரையின் சூடான படிவுகளிலிருந்து பிரித்தெடுத்த ஓர் உயிரிக்குப் பைரோகாக்கஸ் ஃபூரியோசஸ் என்று பெயரிட்டனர். சுமார் 100 டிகிரி செல்சியஸில் மிகச் செழிப்பாக வளரும் அது, 37 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அதன் நெருங்கிய உறவுகள் இரண்டு பின்னர் பசிபிக்கில் அகப்பட்டன. 1993இல் விவரிக்கப்பட்ட பைரோகாக்கஸ் அபிசி வட ஃபிஜிப் படுகையில் சுமார் 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. 1998இல் விவரிக்கப்பட்ட பைரோகாக்கஸ் ஹோரிகோஷி ஓக்கினாவா அகழியில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. ஜப்பானிய நுண்ணுயிரியலாளர் கோக்கி ஹோரிகோஷியின் பெயரைத் தாங்கியது. 1998க்கும் 2003க்கும் இடையில் மூன்றின் முழு ஜீனோம்களும் ஆய்வாளர் கைக்கு வந்துவிட்டன. ஒரே பேரினத்தைச் சேர்ந்த மூன்று ஆர்க்கியாக்களின் முழுப் பாடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அக்காலத்தில் அரியது. மூன்று ஓலைப்படிகள் கிடைத்த பதிப்பாசிரியரின் நிலை என்று கொள்ளலாம்.

படிகளை ஒப்பிடுமுன் எண்ணிக்கையே ஏமாற்றியது. ஃபூரியோசஸின் ஜீனோம் சுமார் 19 லட்சம் எழுத்துகள் கொண்டது; ஹோரிகோஷியினது சுமார் 17.4 லட்சம், அபிசியினது சுமார் 17.7 லட்சம். ஆனால் ஹோரிகோஷியின் முதல் வெளியீடு 2,061 மரபணுக்கள் இருப்பதாகச் சொன்னது. அதைவிடச் சற்றே பெரிய அபிசிக்கோ 1,800க்கும் குறைவாகவே கணக்கிடப்பட்டது. வேறுபாடு உயிரிகளில் இல்லை, எண்ணியவர்களின் அளவுகோலில் இருந்தது. புரதமாக மாறக்கூடிய நீளமான வரிசை ஒவ்வொன்றையும் ஒரு குழு மரபணுவாகக் கொண்டது. மற்றொரு குழு கூடுதல் சான்று கேட்டது. ஓர் அகராதி கிளைச்சொற்களையெல்லாம் தனித் தலைச்சொற்களாகத் தர, இன்னொன்று அவற்றை வேர்ச்சொல்லின் கீழ் அடக்கினால் முதல் மொழிக்குச் சொல்வளம் மிகுதி என்று யாரும் சொல்வதில்லை. ஜீனோம்களைப் பற்றி அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

அடுத்ததாக வரிசைமுறை. 2000இல் ஹன்னு மில்லிகாலியோவும் பத்ரிக் ஃபோர்த்தேரும் சக ஆய்வாளர்களும் அபிசியில் டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும் புள்ளியை அடையாளம் கண்டனர். அதன்பின் ஃபோர்த்தேரின் குழு மூன்று ஜீனோம்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியது. மரபணுக்கள் பெரும்பாலும் பொதுவாகவே இருந்தன. ஆனால் குரோமோசோமின் பெருந்துண்டுகள் திரும்பியும் இடம்மாறியும் கிடந்தன. ஃபூரியோசஸில் இந்தக் கலைப்பு மிகுதி. தாமாகவே வெட்டிக்கொண்டு வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும் செருகு வரிசைகள் அதில் நிறைய உண்டு. மற்ற இரண்டில் மிகக் குறைவு.

இங்கே திராவிட மொழியியல் மாணவருக்கு ஓர் ஒப்புமை தோன்றாமலிராது. தமிழில் உரல், தெலுங்கில் ரோலு. தமிழில் உள், தெலுங்கில் லோ. தமிழில் மரம், பழைய தெலுங்கில் ம்ரானு, இன்றைய தெலுங்கில் மானு. இரண்டாம் இடத்தில் இருந்த நுனிநா ஒலி உயிரைத் தாண்டிச் சொல்லின் தொடக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. சொல்லின் உறுப்புகள் பெரும்பாலும் அவையே, அடுக்கு மாறியது. கிருஷ்ணமூர்த்தி 1961இல் வெளியிட்ட தெலுங்கு வினையடிகள் பற்றிய நூலில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தார். 1983இல் ‘லாங்குவேஜ்’ இதழில் லிங்கன் மோசஸ், டக்ளஸ் டான்ஃபோர்த் ஆகியோருடன் சேர்ந்து அதையே கிளைப்பிரிப்புக்கான அளவுகோலாக்கினார். கோண்டி, கொண்டா, கூயி, கூவி, பெங்கோ, மண்டா என்ற ஆறு மொழிகளில் எந்தெந்தச் சொற்கள் மாறின, எவை மாறாமல் எஞ்சின என்று கணக்கிட்டார்கள். ஆறு மொழிகளை இருகிளை மரமாக 945 வகைகளில் அடுக்கலாம். அவற்றுள் எது தரவுக்கு மிகவும் பொருந்துகிறது என்பது கேள்வி. உயிரியலாளர் மர வரைவுக்குச் செய்வதும் இதுவே. இரு துறைகளும் ஒன்றையொன்று அதிகம் கவனிக்காமல் இணையாகவே நடந்திருக்கின்றன.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. ஒலிமாற்றம் ஒரு சூழலில் தொடங்கினால் அதே சூழலுள்ள பிற சொற்களுக்கும் பரவும். குரோமோசோம் துண்டு திரும்புவது ஒருமுறை நிகழும் விபத்து. இன்னொரு துண்டும் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை.

இல்லாமையை வாசிப்பது இருப்பதை வாசிப்பதைவிடக் கடினம். 1999இல் டென்னிஸ் மேடர் முதலியோர் ஃபூரியோசஸையும் ஹோரிகோஷியையும் ஒப்பிட்டனர். முன்னதன் ஜீனோம் சுமார் 1.7 லட்சம் எழுத்துகள் பெரியது. அந்த மிகையில் மால்டோஸ் போன்ற சர்க்கரைகளை உட்கொள்ளும் மரபணுக்களும், டிரிப்டோபான் உள்ளிட்ட அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் மரபணுக்களும் கொத்துக் கொத்தாக இருந்தன. ஹோரிகோஷியில் அவை காணப்படவில்லை. வளர்ப்பூடகத்தில் டிரிப்டோபான் இல்லாவிட்டால் ஹோரிகோஷி வளராது என்பது முன்பே தெரிந்திருந்ததால் ஜீனோமும் ஆய்வகமும் ஒத்துப்பேசின. நல்லது. ஆனால் அது இழப்பா, அல்லது மற்றதன் ஈட்டமா? இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை கூற முடியாது. தமிழையும் தெலுங்கையும் மட்டும் வைத்து, உரல் மூத்ததா ரோலு மூத்ததா என்று தீர்க்கப் புறப்படுபவர் கடைசியில் தம் தாய்மொழியின் பக்கமே சாய்வார்.

குடும்பத்துக்குச் சற்று வெளியே நிற்கும் சாட்சி வேண்டும். பைரோகாக்கஸுக்குத் தெர்மோகாக்கஸ் அத்தகையது. ஜப்பானின் கொடக்கரா தீவில் கிடைத்த தெர்மோகாக்கஸ் கொடக்கரென்சிஸின் ஜீனோம் 2005இல் வெளியானது. டிரிப்டோபான் கொத்து அதில் இருக்கிறது. அந்த உயிரியில் மரபணு மாற்றம் செய்யும் ஆய்வாளர்கள் அக்கொத்திலுள்ள ஒரு மரபணுவை நீக்கி, டிரிப்டோபான் ஊட்டினால் மட்டுமே வளரும் வகையை உருவாக்கித் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். வெளியே நிற்பவனிடமும் ஃபூரியோசஸிடமும் இருப்பது ஹோரிகோஷியிடம் மட்டும் இல்லையென்றால், ஹோரிகோஷி இழந்தது என்பதே எளிய விளக்கம். புரதச் சிதைவுகள் சுற்றிலும் கிடைக்கும் இடத்தில், தானே சமைத்துக்கொள்ளும் வேலை தேவையற்றுப் போயிருக்கலாம். இந்தக் கடைசி வாக்கியம் ஊகம். முந்தையது ஒப்பீட்டின் முடிவு. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் பழக்கம் நம் துறைகள் எல்லாவற்றிலும் உண்டு.

மால்டோஸ் கொத்தின் கதை இதற்கு நேர்மாறானது. ஃபூரியோசஸில் மால்டோஸையும் டிரெஹலோஸையும் கடத்தும் மரபணுக்கள் அடங்கிய சுமார் 16,000 எழுத்து நீளப் பகுதி ஒன்று, நேபிள்ஸ் விரிகுடாவில் கிடைத்த தெர்மோகாக்கஸ் லிட்டோராலிஸிலும் இருக்கிறது. ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது. இவ்விரு உயிரிகளின் மற்ற மரபணுக்களில் இவ்வளவு நெருக்கம் இல்லை. பேரினமே வேறு. ஜோசலின் டிருஜியெரோவும் சக ஆய்வாளர்களும் 2000இல் இதை அண்மைக்காலக் கிடைமட்டப் பரிமாற்றம் என்று விளக்கினர். தாய்வழியாக வந்த சொத்து அன்று, அக்கம்பக்கத்தில் கைமாறியது. பகுதியின் ஓரங்களில் செருகு வரிசைகள் நிற்கின்றன. எந்த வண்டியில் ஏறி வந்தது என்பதற்கான தடயம் அது. வுல்கானோவும் நேபிள்ஸும் ஒரே திர்ரேனியக் கடலின் கரைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே வுல்கானோவில் கிடைத்து 1987இல் விவரிக்கப்பட்ட பைரோகாக்கஸ் வோசெய், ஃபூரியோசஸின் இரட்டைப் பிறவி எனத்தக்கது. பின்னாளில் மரபணுச் சில்லுகளைக் கொண்டு ஒப்பிட்டபோது, ஃபூரியோசஸிடம் உள்ள நூறளவு மரபணுக்கள் அதில் இல்லை என்று தெரிந்தது. அவையும் சிதறி இல்லாமல் பெரும்பாலும் கொத்துகளாகவே இல்லாமலிருந்தன.

கடன் எப்படிப் பிடிபடுகிறது? தமிழில் ரத்தம், லாபம் என்ற சொற்களைக் கண்டதும் நமக்குத் தெரிந்துவிடும். ரகரமும் லகரமும் மொழிமுதலில் வாரா என்பது தொல்காப்பியம் அறிந்த விதி. ஜீனோமிலும் எழுத்துகளின் விகிதம் சுற்றுப்புறத்தோடு பொருந்தாத பகுதி சந்தேகத்துக்குரியது. ஆனால் இந்த அடையாளம் அந்தந்த மொழியின் வரலாற்றுக்குக் கட்டுப்பட்டது. அதே விதியைத் தெலுங்கின்மீது ஏற்றினால் ரோலும் லோவும் கடன்சொற்களாகிவிடும்! அவை அசல் திராவிடச் சொற்கள். இடம் மாறியவை மட்டுமே. நம் பேச்சுத்தமிழின் ‘ரெண்டு’ம் தெலுங்கின் ‘ரெண்டு’வும் காதுக்கு ஒன்றாகவே கேட்கின்றன, வந்த வழிகள் வேறு. உறவு, கடன், தற்செயலான ஒருங்கிணைவு ஆகிய மூன்றும் மேலோட்டப் பார்வைக்கு ஒரே முகம் காட்டும்.

இனி அண்டைமைக்கு வருவோம். ஒரு பணியைச் சேர்ந்து செய்யும் மரபணுக்கள் பாக்டீரியாவில் அடுத்தடுத்து இருந்து ஒன்றாகவே இயக்கப்படுகின்றன என்ற ஓபரான் கருத்தைப் பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் 1960–61இல் முன்வைத்தனர். நான்கு பத்தாண்டுகள் கழித்து அதைத் தலைகீழாகப் பயன்படுத்தும் வழி பிறந்தது. குரோமோசோம்கள் இவ்வளவு கலைக்கப்பட்ட பின்னும் இரண்டு மரபணுக்கள் தொலைதூர உறவினர்களில்கூட அருகருகே நீடித்தால், அவற்றைச் சேர்த்தே வைத்திருக்கும் காரணம் ஒன்று இருக்க வேண்டும். 1998இல் தாமஸ் டண்டேக்கர், பீர் போர்க் முதலியோரும், 1999இல் ராஸ் ஓவர்பீக் குழுவினரும் இதை முறையாக வளர்த்தெடுத்தனர். ஐதராபாத்தின் சி.டி.எஃப்.டி. மையத்தில் சேகர் மாண்டேயும் மாணவர்களும் 2007இல் ‘ஜீனோம் ரிசர்ச்’ இதழில் இத்தகைய சூழல்சார் முறைகளை மேம்படுத்தி, ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுக்களுக்கிடையே உள்ள தொழில் உறவுகளைக் கணித்தனர். சோதனைகளில் கிடைத்த தரவுகளோடு தம் கணிப்பை ஒப்பிட்டும் காட்டினர். இந்த ஒப்பீட்டுப் பகுதிக்காகவே அக்கட்டுரையை மாணவர்கள் படிக்க வேண்டும். கணிப்போடு நின்றுவிடும் கட்டுரைகள் ஏராளம்.

இந்த முறையின் வலிமை, நெருங்கிய உறவினரின் கலைப்பைப் பார்த்தால்தான் விளங்கும். பைரோகாக்கஸ் சகோதரர்களில் பெருந்துண்டுகளே இடம்மாறுகின்றன. ஆயினும் சில கொத்துகள் உடைவதில்லை. இருந்தால் கொத்தாக இருக்கின்றன, போனால் கொத்தாகப் போகின்றன. உறவினருக்குள் காணும் வேறுபாடுகள் தனிமரபணு அளவில் நில்லாமல் கொத்து அளவில் நிகழ்வதே, அக்கொத்து ஓர் அலகு என்பதற்குச் சான்று.

மகரோவாவும் அரவிந்தும் கூனினும் 2002இல் வாசித்தது இத்தகைய கொத்தைத்தான். அவர்களிடம் ஆய்வகச் சோதனை எதுவும் இல்லை, வரிசைகள் மட்டுமே. ஒன்று டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் போலத் தெரிகிறது, ஒன்று வெட்டும் நியூக்ளியேஸ் போல, ஒன்று எழுத்துகளைக் கோக்கும் பாலிமரேஸ் போல. பிரிக்கும், வெட்டும், கோக்கும் கருவிகள் ஒரே பெட்டியில் கிடைத்தால் அது பழுதுபார்ப்பவரின் பெட்டி என்று கருதுவது இயல்புதானே? வெப்ப உயிரிகளில் மிகுதி என்பதும் பொருந்தியது. ஒவ்வொரு படியும் நியாயமானது. முடிவு மட்டும் தவறு.

அதே 2002இல் நெதர்லாந்தில் ரூட் யான்சன் குழுவினர் வேறொரு முனையிலிருந்து வந்துகொண்டிருந்தனர். சீரான இடைவெளியில் மீண்டும் மீண்டும் வரும் குட்டையான வரிசைகளை, 1987இல் யோஷிசுமி இஷினோ ஈ. கோலையிலும், 1993 முதல் பிரான்சிஸ்கோ மொஹிகா உப்புவிரும்பி ஆர்க்கியாக்களிலும் கண்டிருந்தனர். அந்த வரிசைகளுக்குப் பக்கத்தில் எப்போதும் சில மரபணுக்கள் நிற்கின்றன என்பதைக் கவனித்த யான்சன் குழு, வரிசைகளுக்குக் கிரிஸ்பர் என்றும் மரபணுக்களுக்குக் காஸ் என்றும் பெயரிட்டது. மகரோவா குழுவின் கொத்தும் இதுவும் ஒன்றே. 2005இல் மொஹிகா குழு உட்பட மூன்று குழுக்கள், மீள்வரிசைகளுக்கு நடுவே இருக்கும் துணுக்குகள் வைரஸ்களின் டி.என்.ஏ.யோடு பொருந்துகின்றன என்று காட்டின. 2006இல் மகரோவாவும் கூனினும் தம் பழைய விளக்கத்தைக் கைவிட்டு, இது வைரஸ் எதிர்ப்பு அமைப்பு என்று எழுதினர். 2007இல் தயிர்த் தொழிலில் பயன்படும் பாக்டீரியாவைக் கொண்டு ரொடோல்ஃப் பராங்கு, பிலிப் ஹோர்வாத் முதலியோர் அதைச் சோதனையில் நிறுவினர். எந்த வைரஸின் துணுக்கைச் சேர்த்துக்கொண்டதோ அந்த வைரஸை அப்பாக்டீரியா எதிர்த்து நின்றது. 2020இன் வேதியியல் நோபல் வரை நீண்ட கதை எல்லோரும் அறிந்தது.

வெப்பத்தோடு கொண்ட தொடர்பு பொய்யன்று. ஆர்க்கியாக்களில் மிகப் பெரும்பான்மையானவை இவ்வமைப்பை வைத்திருக்கின்றன. பாக்டீரியாக்களில் பாதிக்கும் குறைவானவையே. தொடர்பு உண்மை, அதற்குச் சொன்ன காரணம் பிழை. ஃபூரியோசஸிலேயே ஏழு கிரிஸ்பர் வரிசைத் தொகுதிகளும் மூன்று வகைக் காஸ் அமைப்புகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று டி.என்.ஏ.வை விட்டு ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது என்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டெர்ன்ஸ் இணையர் 2009இல் காட்டினர். இவ்வமைப்பின் நடுவே இருப்பது, 2002 கட்டுரை பாலிமரேஸ் என்று அடையாளம் காட்டிய குடும்பத்தைச் சேர்ந்த புரதம். இன்றைய பெயர் காஸ்10.

இந்தப் புரதத்தின் பின்கதையைக் கிரிஸ்பர் வரலாறுகள் பலவும் விட்டுவிடுகின்றன. பழுதுநீக்கம் பொய்யான பிறகு, அந்தப் பாலிமரேஸ் வாசிப்பும் அதனோடு சேர்ந்து மறக்கப்பட்டதுபோல் இருந்தது. எதிர்ப்பு அமைப்புக்கு எழுத்துகளைக் கோக்கும் புரதம் எதற்கு? 2015இல் மாக்ஸ்வெல் பரோஸ், லக்ஷ்மிநாராயண் ஐயர், அரவிந்த் முதலியோர் மீண்டும் அதே முறையைக் கையில் எடுத்தனர். ஆயிரக்கணக்கான ஜீனோம்களில் இந்தக் குடும்பத்தின் அண்டை அயலாரைப் பார்த்தனர். நியூக்ளியோடைடுகளைப் பற்றக்கூடிய வடிவம் கொண்ட புரதங்கள் பக்கத்திலேயே நின்றன. அதிலிருந்து அவர்கள், காஸ்10 ஒரு சமிக்ஞை மூலக்கூறைத் தயாரிக்கிறது, பக்கத்துப் புரதம் அதைப் படித்துச் செயல்படுகிறது என்று கணித்தனர். 2017இல் வில்னியஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதைச் சோதனையில் கண்டன. வைரஸின் ஆர்.என்.ஏ. அகப்பட்டதும் காஸ்10 ஏ.டி.பி. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துச் சிறு வளையங்களாக்குகிறது; அந்த வளையம் பக்கத்து மரபணுவின் புரதத்தைத் தட்டியெழுப்ப, அது செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.வை வெட்டத் தொடங்குகிறது.

2002இல் கோக்கும் புரதம் என்று சொன்னார்கள். அது கோக்கத்தான் செய்கிறது.